ரிப்போர்ட் வந்த இரவு



இன்று டிசம்பர் 18. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் பரங்கிமலை ஸ்டேஷன் வந்துவிடும். அந்த மலைமேல் 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய கோவில், பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் மரியாவின் பெயரில் நேர்ந்தளிக்கப்பட்டது. அந்த விழா இன்றுதான். 656-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் கூடிய ஆயர்கள் இந்த நாளை மரியாவுக்கென்று குறித்தார்கள். மலைக்கோவிலின் கல்சிலுவை இரத்தமாய் வியர்த்தது என்று நம் முன்னோர் சொல்லி வரும் நாளும் 1558-ஆம் ஆண்டின் இதே டிசம்பர் 18தான். பிறந்த பிள்ளையை ஏந்தி நிற்கும் மாதாவை நாம் ஆண்டு முழுவதும் பார்க்கிறோம். இன்று ஒரு நாள், பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்காத நிறைமாதக் கர்ப்பிணியை நினைக்கிறோம்.

ஆனால் இன்று வாசித்த நற்செய்தி சூசையப்பரைப் பற்றியது. ஒரு கர்ப்பத்தைப் பற்றிய சேதி அவருக்குத் தெரிய வருகிறது. சேதியில் பொய் இல்லை. மரியா கருவுற்றிருப்பது உண்மை. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தவறு. மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறார். அந்த நேர்மையாளர்தான் சேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மரியாவை விலக்கிவிடலாம் என்கிற எல்லை வரைக்கும் போனார். ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஊரைக் கூட்டவில்லை. சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்து பேசவில்லை. கேள்விப்பட்ட அன்றைக்கே காரியத்தை முடிக்கவும் இல்லை. யோசித்தார். யோசனையோடே படுத்தார். வானதூதருக்குப் பேச இடம் கிடைத்தது அந்தத் தாமதத்தில்தான்.

நம் வீடுகளுக்கும் இப்படிச் சேதி வருகிறது. மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுக்கிறார்கள். பதினோராவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் நடுவில், பிள்ளையின் பின்கழுத்தில் தேங்கியிருக்கும் நீரின் கனத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அதோடு டபுள் மார்க்கர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. அதில் சிவப்பில் 'ஹை ரிஸ்க்'. பக்கத்தில் 1:180 என்று ஒரு எண். அந்தப் பெண் மேடவாக்கத்திலோ முடிச்சூரிலோ ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கிறாள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு போனில் தேடித் தேடிப் படிக்கிறாள். விடிவதற்குள், தன் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிடுகிறாள்.

பங்கு அலுவலகத்துக்கு இந்த ஃபைலோடு வருகிறவர்கள் உண்டு. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "சாமி, ஊசி போட்டுப் பார்ப்பது பாவமா?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த எண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் டாக்டர் இல்லை. ஆனால் இது கணக்குதான்.

1:180 என்றால், அதே வயதும் அதே ரத்த அளவும் அதே ஸ்கேன் அளவும் உள்ள 180 தாய்மாரை இந்தக் கோவில் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்தால், ஒருவருடைய பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும், 179 பேருடைய பிள்ளைகளுக்கு இருக்காது என்று பொருள். இந்தப் பெண் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. பெரும்பாலான லேப்கள் 1:250 என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன. அதைத் தாண்டினால் சிவப்பு எழுத்து. நல்ல பிள்ளையைச் சுமக்கும் நூறு தாய்மாரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இந்தச் சிவப்பு எழுத்து வரத்தான் செய்யும். இந்தப் பரிசோதனை அமைக்கப்பட்டிருப்பதே அப்படித்தான். வயதும் எண்ணை மாற்றும். இருபது வயதில் சுமார் 1500-க்கு ஒன்று, முப்பத்தைந்தில் சுமார் 350-க்கு ஒன்று. நம் பக்கத்தில் இப்போது பெண்கள் படித்து, ஓஎம்ஆரில் வேலைக்குப் போய், கல்யாணம் முப்பதைத் தாண்டுகிறது. அது குற்றமா? இல்லை. எண் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். நாள் கணக்கோ, ஃபாரத்தில் எழுதிய எடையோ தப்பாக இருந்தால்கூட எண் மாறும். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சூசையப்பருக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. சேதி உண்மை, அதற்கு நாம் எடுக்கிற அர்த்தம் தவறு.

சரி, அடுத்து என்ன? இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று என்ஐபிடி. தாயின் கையிலிருந்து எடுக்கிற ரத்தம்தான். அதில் மிதக்கும் சிறு மரபணுத் துணுக்குகளைப் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு எந்த ஆபத்தும் இல்லை. டபுள் மார்க்கரைவிட எவ்வளவோ நம்பகமானது. ஆனால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். இதுவும் உறுதியான பதில் இல்லை, இதில் சிவப்பு வந்தாலும் இன்னொரு பரிசோதனையில்தான் உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது வழி அந்த ஊசி. பதினைந்து வாரம் முடிந்தபிறகு, ஸ்கேன் திரையில் பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, வயிற்றின் வழியாக மெல்லிய நீண்ட ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீரில் கொஞ்சம் எடுக்கிறார்கள். வெளிர்மஞ்சளாக இருக்கும். சில நிமிட வேலை. அவசர ரிப்போர்ட் சில நாளில், முழு ரிப்போர்ட் இரண்டு மூன்று வாரத்தில். இதில் கர்ப்பம் கலைந்துபோகும் அபாயம் சிறிதளவு உண்டு. பழைய கணக்கில் 200-க்கு ஒன்று என்பார்கள். கைதேர்ந்தவர்கள் செய்தால் அதைவிடக் குறைவு என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன.

இப்போது பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாவம் இல்லை. இது என் சொந்தக் கருத்து இல்லை. 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதைச் சொன்னது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25 அன்று, மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளில் வெளியிட்ட சுற்றுமடலிலும் சொன்னார். தாய்க்கும் பிள்ளைக்கும் அளவுக்கு மீறிய ஆபத்து இருக்கக்கூடாது. முன்கூட்டியே வைத்தியம் பார்க்கவோ, வரப்போகும் பிள்ளையை மனம் கலங்காமல் தெரிந்து ஏற்றுக்கொள்ளவோ அது உதவ வேண்டும். அப்படியானால் அது நல்ல காரியம்.

ஆகவே ஊசிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், புருஷனும் பெண்ஜாதியும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைப் பேசிவிடுங்கள். இதைத் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? 'எதுவானாலும் இது நம் பிள்ளை. ஆனால் தெரியாமல் இன்னும் ஐந்து மாதம் தூக்கமில்லாமல் இருக்க முடியாது' என்று ஒரு தாய் சொன்னால், போய்ப் பாருங்கள் என்பேன். 'எதுவானாலும் நம் பிள்ளை. அந்தச் சின்ன அபாயம்கூட வேண்டாம்' என்று இன்னொரு தாய் சொன்னால், அவள் டாக்டரைப் பகைத்துக்கொள்கிறவளும் இல்லை, பட்டிக்காடும் இல்லை. அவள் என்ஐபிடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் ஐந்தாம் மாத ஸ்கேனை மட்டும் நன்றாகப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு பேரும் இந்தக் கோவிலில் தலை நிமிர்ந்து நன்மை வாங்கலாம்.

ஆனால் அந்தக் கேள்விக்கு, 'இருந்தால் கலைத்துவிடலாம்' என்பதுதான் பதில் என்றால், அதைத் திருச்சபை ஏற்பதில்லை. இதை மழுப்பிப் பேச எனக்கு அதிகாரமும் இல்லை, மனமும் இல்லை. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் சில வரம்புகளுக்கு உட்பட்டு 24 வாரம் வரைக்கும், கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழுவின் அனுமதியோடு அதற்குப் பிறகும் இடம் தருகிறது. சட்டம் இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. 'நாள் போகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்' என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றைத்தான் சட்டம் கேட்கிறது. மாமியாரும் நாத்தனாரும் கையெழுத்துப் போட அந்தத் தாளில் இடமே இல்லை.

நம் ஸ்கேன் சென்டர்களில் எல்லாம் ஒரு பலகை மாட்டியிருக்கும். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, சொல்வது குற்றம் என்று. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் நாம் படிப்பதில்லை. 1970-களில் இந்த ஊசி இந்தியாவுக்கு வந்தது நோயைக் கண்டுபிடிக்கத்தான். கொஞ்ச நாளிலேயே பெண் பிள்ளையைக் கண்டுபிடித்து அழிக்கப் பயன்பட்டது. அதற்குப் பிறகு 1994-இல் சட்டம் வர வேண்டியிருந்தது. பெண் என்பதற்காக வேண்டாம் என்றவர்களைப் பார்த்து இன்று நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயம். நாற்பத்தாறு குரோமோசோமுக்குப் பதில் நாற்பத்தேழு இருப்பதற்காக வேண்டாம் என்கிறபோது மட்டும் ஏன் நமக்குக் கோபம் வரவில்லை?

டவுன் சின்ட்ரோமில் இருக்கும் அந்த நாற்பத்தேழாவதைக் கண்டவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டு டாக்டர் ஜெரோம் லெஜூன். 1959-இல் அந்த ஆய்வு வெளியானது. தாயின் பாவத்தால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று பேசிய ஊரின் வாயை அந்தக் கண்டுபிடிப்பு அடைத்தது. இது யாருடைய தப்பும் இல்லை என்று காட்டியது. பிறகு அதே அறிவு இந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஒழிக்கப் பயன்படுவதைப் பார்த்து, சாகும்வரை அதற்கு எதிராகப் பேசினார். 2021-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஏற்கெனவே கருக்கலைப்பு வழியில் போய்விட்டு வந்தவர்கள் இருக்கலாம். இதையெல்லாம் கேட்க உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயத்திலும் வற்புறுத்தலிலும் நடந்தவை எத்தனையோ. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் தந்துவிட்டார். ஆயரிடம் போக வேண்டியதில்லை, யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டியதில்லை. ஒப்புரவுத் தொட்டிக்கு வந்தால் போதும். என்னிடம் வரத் தயக்கமாக இருந்தால், முகம் தெரியாத வேறு பங்குச் சாமியாரிடம் போங்கள். போவதுதான் முக்கியம்.

முன்கூட்டித் தெரிவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். அதில் பலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். தெரிந்திருந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையும் இருதய டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பிரசவத்துக்குப் போகலாம்; பிறந்த ராத்திரியில் ஆம்புலன்ஸுக்காக ஜிஎஸ்டி ரோட்டில் நிற்க வேண்டாம். பிறந்தபிறகு, முதல் மாதங்களிலிருந்தே பயிற்சி தர வேண்டும். ஈசிஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது; சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சிப் பிரிவு அங்கே உண்டு. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோருக்கான இந்தியக் கூட்டமைப்பே சென்னையில்தான், அப்படியொரு மகளைப் பெற்ற ஒரு தாய் முன்னின்று வளர்த்தது. முடிவெடுக்கும் முன் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் படித்தது போதும்.

சில ரிப்போர்ட்டுகள் இதைவிடக் கனமானவை. எட்வர்ட்ஸ், பாட்டாவ் என்று பெயர் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பிறக்குமுன்னோ, பிறந்து சில நாளிலோ கண்மூடிவிடுவார்கள். அங்கே வெறும் ஆறுதல் வார்த்தையால் ஒன்றும் ஆகாது. வலியில்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பிள்ளைக்குப் பெயரைத் தேர்ந்து வையுங்கள். வானதூதர் சூசையப்பருக்குக் கொடுத்த வேலையும் அதுதான், பெயரிடுவது. நேரம் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் நர்ஸ்கூடத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம். என்னை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள். அடக்கச் சடங்கையும் முறையாகச் செய்வோம்.

இவ்வளவும் அந்தப் புருஷனுக்கும் பெண்ஜாதிக்கும் சொன்னது. மற்ற நமக்கு? ஒரு தாய் பயப்படுவது நோய்க்கு மட்டுமா? 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்' என்றுதான் முக்கால்வாசிப் பயம். வளைகாப்பில் வளையல் போட வந்தவர்கள், இப்படி ஒரு பிள்ளை பிறந்ததும் வாசல் மிதிக்கத் தயங்குகிறார்கள். பெரியவள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று பிள்ளையை உள்ளறையில் வைத்துக்கொள்ளும் வீடுகள் நம் அன்பியங்களில் இல்லையா? பீடத்தில் நின்று நான் கலைக்காதே என்று சொல்வது சுலபம். அதைச் சொல்லும் வாய்க்கு ஏற்றபடி கை நீளவில்லை என்றால், அந்தத் தாய் என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி ஆசிரியர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பத்து நிமிடம் இருங்கள். ஜனவரியில் புதுநன்மை வகுப்பு தொடங்குகிறது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போக யாரிடம் வண்டி இருக்கிறது, வாரம் ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்கவிட யார் தயார் என்று பேச வேண்டும். இப்போது நம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை. இந்தப் பங்கில் அப்படிப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அன்பியத் தலைவர்களுக்குத் தெரியும். பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள்.