நடுவயதில் மின்சாரத் தொழில் கற்றல் தகுமா?

இளமையே கற்கும் பருவம் என்பதும், இளமையிற் கற்ற தொழில் இறுதிவரை சோறிடும் என்பதும் பெரும்பான்மையோர் கொள்கை. இக்கொள்கை எக்காலத்தும் பொருந்துமோ எனின், பொருந்தாது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இலங்கையில் எத்தனையோ பேரின் பிழைப்பைப் பறித்தன. அங்ஙனம் வேலையிழந்த கணக்கர் ஒருவர், நாற்பத்தைந்து வயதினர், மின்சாரத் தொழில் கற்கப் புகுகின்றார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. இருபத்திரண்டு வயது இளைஞன் ஏணிமேல் நின்று, “அண்ணை, அந்தக் குறட்டைத் தாருங்கோ” என்கின்றான். அவர் கீழே நின்று எடுத்துக் கொடுக்கின்றார். காண்போர் சிலர் நகைக்கின்றனர். இது தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

வயதிற் சிறியோனிடம் கற்றல் இழிவு என்பார்க்குக் கூறுதும். அமெரிக்கராகிய சாமுவேல் மோர்ஸ் 1791இற் பிறந்தவர். ஓவியந் தீட்டுதலே அவர் தொழில். 1832இல், தமது நாற்பத்தொராம் வயதில், ஐரோப்பாவினின்றும் கப்பலில் மீளும்போது மின்காந்தத்தைப் பற்றி உடன்பயணி ஒருவர் பேசக்கேட்டு, கம்பிவழிச் செய்தி அனுப்பும் பொறியொன்றை அமைக்க எண்ணினார். எண்ணம் பெரிது, அதற்கு வேண்டிய அறிவோ அவரிடம் இல்லை. மின்னோட்டம் சிறிது தூரத்துக்கு அப்பாற் செல்லாது நின்றது. தம்மினும் இளையவராகிய லெனாட் கேல் என்னும் ஆசிரியர், மின்கலங்களின் தொகையையும் காந்தத்திற் சுற்றிய கம்பியின் சுற்றுக்களையும் பெருக்குமாறு காட்டினார். அதன் பின்னரே பத்து மைல் நீளக் கம்பியிற் செய்தி சென்றது. கேல் காட்டிய நெறி யோசேப் ஹென்றியின் ஆராய்ச்சியிற் பிறந்தது. ஹென்றியும் மோர்சுக்கு இளையவரே. பிற்காலத்தில், 1855இல், ஹென்றிக்குத் தாம் பட்ட கடனை மறுத்து மோர்ஸ் எழுதினார். இளையோரிடம் கற்றமை அவர்க்கு இழிவாகவில்லை. கற்றதை மறுத்தமையே குறையாயிற்று.

ஆகவே நாணம் ஒரு தடையன்று. தடையாவது பிறிதொன்று, அஃது அவசரம். 1843இல் மோர்சின் கூட்டத்தார் வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே ஈயக்குழாயுட் கம்பியை இட்டுப் புதைக்கத் தொடங்கினர். சில மைல் புதைத்த பின்னரே கம்பியின் காப்புப் பழுதென்பது தெளிவாயிற்று. அவ்வளவையுங் கைவிட்டுக் கம்பங்களை நட்டுக் கம்பியைக் கட்டினர். 1844 மே 24ஆந் திகதி செய்தி சென்றது. அங்கே புதைந்த பழுதால் இழந்தது பொருளும் காலமும். வீட்டுச் சுவரிற் புதைந்த பழுதால் இழக்கப்படுவது உயிர்.

அஃதெங்ஙனம் எனின், நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. புவித்தொடுப்புக் கம்பி இல்லாவிடினும் மின்குமிழ் எரியும், நீர்ப்பம்பி இறைக்கும். வீட்டுக்காரருக்குக் குறை தோன்றாது, கூலியும் கிடைத்துவிடும். ஒருநாள் பம்பியினுள்ளே காப்புப் பழுதுற்று அதன் இரும்புடலில் மின்சாரம் ஏறுமாயின், கிணற்றடியில் ஈரக்காலோடு நின்று அதனைத் தொடுபவரின் உடலே மின்னுக்கு வழியாகும். ஆதலின் புவித்தொடுப்பும் வேண்டும். செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் ஒவ்வாதபோது துண்டித்துவிடும் றிப் சுவிச்சும் வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் 30 மில்லியம்பியர் வேறுபாட்டுக்குள் இயங்குமாறு அமைக்கப்படுவது. 60 வாற்று இழைக்குமிழ் ஒன்று கொள்ளும் மின்னோட்டத்தில் ஏறக்குறைய ஒன்பதிலொரு பங்கே அது. அத்துணைச் சிறிய ஒழுக்கும் அஞ்சத்தக்கது.

நம் கணக்கருக்கு இது புதுமையன்று. வரவும் செலவும் ஒவ்வாதபோது ஏட்டை மூடாது இரவெல்லாம் தேடியவர் அவர். மீளாத இழப்பு எத்தகையது என்பதையும் வாழ்க்கையிற் கண்டவர். கை விரைவில் இளைஞன் அவரை வெல்லலாம். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதலில் அவர் பின்னிடார். ஆயினும் பல்லாண்டு பிறர்க்கு வழிகாட்டியிருந்தவர்க்கு “எனக்குத் தெரியாது” என்னுஞ் சொல் எளிதில் வாராது. மின் துண்டிக்கப்பட்டதெனப் பிறர் சொல்லினும், தாமே நினைப்பினும், சோதித்தறியாது கம்பியைத் தொடலாகாது என்பதே இத்தொழிலின் முதற்பாடம். தன் எண்ணத்தையும் ஐயுறப் பயிலாதவன் எவ்வயதினனாயினும் இதற்கு உரியனல்லன்.

“பிள்ளைகள் பசித்திருக்க ஆண்டுக்கணக்கிற் கற்பதெங்ஙனம்? அரைகுறையாய்க் கற்றுப் பிழைத்தலாகாதோ?” எனின், ஆகாது. தன் பிள்ளையின் பசி பிறர் பிள்ளையின் உயிரை ஈடு வைக்க உரிமை தாராது. ஆயினும் இவ்விடை அவரொருவர்க்கே உரியதன்று. தேர்ந்தவனோடு உதவியாளராய்ச் சென்று, கற்ற அளவிற்கே கைவைத்து, நாட்கூலி பெறும் வழி அவர்க்கு உண்டு. அக்கூலியை அழைப்பித்தோர் குறையாது கொடுத்தல் வேண்டும். மலிவாக முடித்துத் தருவோனைத் தேடி, புவித்தொடுப்பு இட்டாயிற்றா என்று ஒரு சொல்லும் வினவாத வீட்டுக்காரரும் அவ்வரைகுறைத் தொழிலுக்குப் பங்காளரே.

கற்கத் தொடங்குதற்கு வயது தடையன்று. கற்காது விடுதற்கு வறுமை நியாயமுமன்று. ஏணியின் கீழ் நின்று குறடு எடுத்துக் கொடுக்கும் அம்முதியவரைக் கண்டு நகையாதொழிக. அவர் காலத்தோடு கற்று முடித்தால், அவர் பதித்த கம்பியை ஒருவருங் காணார். அக்கம்பியின் காவலில் ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்கும்.