விதி கேட்கும் வணக்கம்

வாள்வீச்சு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு, போட்டியாளர்கள் இருவரும் முகக்கவசம் அணியாத நிலையில் எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளர்களுக்கும் வாளால் வணக்கம் செலுத்த வேண்டும் என்பதும், ஆட்டம் முடிந்த பின் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பதும் விதி. மறுப்பவருக்குத் தண்டனை உண்டு. 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ‘கேடட்’ பிரிவிலும் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ‘ஜூனியர்’ பிரிவிலும் பன்னாட்டுப் போட்டிகளுக்குக் கடல் கடந்து செல்லும் இளையோர், மொழி புரியாத, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத ஒருவரின் முன் நின்று இச்சடங்கைச் செய்கின்றனர். உள்ளத்தில் தானாக எழ வேண்டிய மதிப்பை விதியைக் காட்டிப் பெற முடியுமா, அப்படிப் பெற்றது மதிப்புத்தானா என்ற அறவியலின் பழைய வினா இங்கே இளம் வயதினரிடமே கேட்கப்படுகிறது.

வாளோடு சேரும்போது இவ்வினாவுக்குக் கனம் கூடுகிறது. இடைக்கால ஐரோப்பாவில், சான்றுகளால் தீராத வழக்குகளை இருவரின் போரால் முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. இறைவன் உண்மையின் பக்கமே நிற்பான், ஆதலால் வென்றவன் சொல்லே உண்மை என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படையாக அமைந்தது. பின்னாளில் மானம் காக்கும் தனிச்சண்டையாக வாட்போர் பெருகியபோது, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் அதில் ஈடுபடுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்கியதோடு, சண்டையில் மாண்டோருக்குத் திருச்சபை முறைப்படியான அடக்கத்தையும் மறுத்தது. இன்றைய போட்டிமேடையில் தீர்ப்புக்காக இறைவன் அழைக்கப்படுவதில்லை; மின்விளக்கு அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. ‘எப்பே’ என்னும் வாள்வகையில், நுனி குறைந்தது 750 கிராம் எடைக்கு ஈடான விசையுடன் எதிராளியின் உடலில் அழுந்தினால் விளக்கு எரியும். இருவர் தொடுகைக்கும் இடைவெளி நொடியின் 25-இல் ஒரு பங்குக்கும் குறைவானால் இரு விளக்குகளும் எரிந்து இருவருக்கும் தலா ஒரு புள்ளி கிடைக்கும். தானே முந்தித் தொட்டதாகத் திண்ணமாக நம்பும் கணத்தில் எதிராளியின் விளக்கும் எரிவதைக் காணும் இளைஞன், தன் மனத்தின் உறுதி உண்மைக்குச் சான்றாகாது என்பதை உடலால் கற்றுக்கொள்கிறான். வணக்கத்தின் பொருள் அங்கிருந்தே அவனுக்குப் புலப்படத் தொடங்குகிறது.

விதிக்கு இணங்கிய செயல் வேறு, கடமையுணர்வினால் எழுந்த செயல் வேறு என்று பிரித்த மெய்யியலாளர் காண்ட், தண்டனைக்கு அஞ்சிச் செய்த வணக்கத்துக்கு அறமதிப்பு இல்லை என்றே கூறியிருப்பார். நீதியான செயல்களைச் செய்து பழகியே மனிதர் நீதியுடையோர் ஆகின்றனர் என்பது அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடு. சடங்கு உள்ளத்தைத் திருத்தி வடிவமைக்கிறது என்ற சீன அறிஞர் சுன்சியின் கருத்தும் அதற்கு நெருக்கமானதே. இளையோரைப் பொறுத்தவரை, பின்னவர் இருவரின் பக்கமே வலுவாக உள்ளது. பதினைந்து வயதில் முழுமை பெற்ற நல்லெண்ணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால், எந்தப் பிள்ளையும் எந்த அந்நியரையும் வணங்கப் போவதில்லை.

ஆயினும் விதியின் கைக்கு எட்டுவன உண்டு, எட்டாதனவும் உண்டு. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2007-இல் துருக்கியில் தம் முதல் பன்னாட்டுப் போட்டிக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காக, போட்டியிலிருந்தே விலக்கும் கறுப்பு அட்டையைப் பெற்றார். ஒரு சிறுமியின் நெடும்பயணத்தைக் கணக்கில் கொள்ளாத கடுமை அது. எனினும் தாமதத்தைக் கடிகாரம் அளந்தது, யாருக்கும் ஐயம் எழவில்லை. மதிப்பை அளக்க அத்தகைய கடிகாரம் இல்லை. 2023 ஜூலையில் மிலான் நகரில் நடந்த உலகப் போட்டியில், உக்ரைனின் ஓல்கா கார்லான், நடுநிலைத் தகுதியில் ஆடிய ரஷ்யரான அன்னா ஸ்மிர்னோவாவை வென்ற பின், அப்போதைய விதிப்படி கட்டாயமாக இருந்த கைகுலுக்கலை மறுத்து வாளை மட்டும் நீட்டியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தன் நாட்டின் மீது குண்டு விழும் நாள்களில் ஒருவர் வாளை நீட்டுவது எதிராளியை மனிதராக ஏற்பதற்குப் போதுமான அடையாளம். அதற்கு மேல் கையின் தொடுகையையும் கேட்டபோது, சடங்கு நட்பின் நடிப்பைக் கேட்டது. பன்னாட்டுக் கூட்டமைப்பு விரைவில் அவர் மீதான தடையை நீக்கியதோடு, கைகுலுக்குவதற்கு மாற்றாகத் தொலைவிலிருந்து வணங்குவதையும் ஏற்றுக்கொண்டது. அம்மாற்றம் சரியானது.

பிள்ளைகளைப் பன்னாட்டுப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் பயிற்சியாளர்கள், வாளும் கம்பியும் கவசமும் பையில் உள்ளனவா என்று சரிபார்க்கும் அக்கறையோடு, அங்கே யாரை, எதற்காக வணங்கப் போகிறார்கள் என்பதையும் புறப்படும் முன்பே அவர்களோடு பேசிவிட வேண்டும்.