கால் வீக்கமும் பொறுமையும்

புகழ் யாவும் அல்லாஹு தஆலா ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நாம் ஆலிம் அல்லர், வைத்தியரும் அல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு கல்வி இல்லை. பினாங்குக் கடைத்தெருவில் காலை முதல் இரவு வரை கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவர் நாம். ஆயினும் நம் ஜமாஅத்தில் சிலரைப் பிடித்திருக்கும் ஒரு துன்பத்தைக் குறித்துப் பேசாதிருப்பது சரியன்று எனத் தோன்றியதால் இதை எழுதத் துணிந்தோம். அது யாதெனில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களுக்குப் பின்னால் வருகிற கால் வீக்கம்.

பொறுமை என்றால் நாம் ஐயூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களை நினைக்கிறோம். அவர்கள் பட்ட நோயும், அதில் அவர்கள் காட்டிய ஸப்ரும் நாம் அறிந்தவையே. திருமறையின் 38-வது அத்தியாயமான ஸாதில் அவர்களுடைய வரலாறு வருகிறது. அங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் இறைவனிடம் முறையிட்டபோது, காலால் பூமியைத் தட்டும்படி கட்டளை வந்தது. தட்டினார்கள், குளிர்ந்த நீர் வந்தது. குடிக்கவும் குளிக்கவும் அந்த நீரே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. சுகத்தைத் தருபவன் அல்லாஹ். ஆனாலும் நோயாளியின் காலை அசைக்கச் சொல்லித்தான் தந்தான். ஆகவே, பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு மூலையில் இருப்பதன்று. நம் கையில் உள்ளதைச் செய்துவிட்டு, முடிவை அவனிடம் ஒப்படைப்பதே பொறுமை.

இனி, இந்த வீக்கம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நம் தேகத்தில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அவைதாம். கர்ப்பப்பை, மூத்திரப்பை, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி முதலிய இடங்களில் புற்றுநோய் கண்டால், சில சமயம் அந்த முடிச்சுகளையும் அறுத்து எடுக்கிறார்கள். அல்லது அந்த இடத்தில் கதிர் பாய்ச்சுகிறார்கள். உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் கடை முன்னாலுள்ள லோங்காங்கில் ஒரு கிளை அடைபட்டால் மழைத் தண்ணீர் ஐந்தடியில் தேங்குவதுபோல, வடிய வழியின்றி நிணநீர் காலில் தங்கிவிடுகிறது. இது சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம். பல வருஷங்கள் சென்ற பின்னும் வரலாம்.

இதைக் கண்டவுடன் சிலர் யானைக்கால் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். யானைக்கால் கொசுக்கடியால் புழு உண்டாகி நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் வருவது. இந்த வீக்கமோ சிகிச்சையின் பின்விளைவு. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, புற்றுநோயும் தொற்றாது. இப்படிப்பட்டவரோடு ஒரே ஸஹனில் உண்ணலாம். ஸப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம்.

எம் குடும்பத்திலேயே ஒரு லாத்தாவுக்கு இந்தச் சோதனை வந்தது. கர்ப்பப்பைச் சிகிச்சை முடிந்து மூன்று வருஷம் சுகமாக இருந்தார்கள். பிறகு ஒரு காலில் செருப்பு வார் இறுகத் தொடங்கியது. மாலையில் கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் புடவையைத் தாழ்த்திக் கட்டி மறைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னபடி சூடாக எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிட்டார்கள்; வீக்கம் குறையவில்லை. ஒரு நாள் கொசு கடித்த இடத்தைச் சொறிந்தது புண்ணாயிற்று. அன்றிரவே குளிரும் காய்ச்சலும் கண்டு கால் நெருப்பாய்ச் சிவந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் படுக்க வைத்து, குழாய் வழியாக மருந்து ஏற்றிய பின்தான், அல்லாஹ்வின் கிருபையால், இறங்கியது. அங்கேதான் இந்த வியாதிக்குப் பெயர் உண்டு என்பதும், முறை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த முறை நான்கு வகை. முதலாவது, தோலைப் பேணுவது. இரண்டாவது, அளவெடுத்த இறுக்கக் காலுறை அல்லது கட்டுத் துணி. மூன்றாவது, நடை முதலிய இலேசான உடற்பயிற்சி. நான்காவது, பயிற்சி பெற்றவர் மெல்லத் தடவி நீரை வேறு வழியில் திருப்பும் தடவல். இது நம் ஊர்ப் பிடித்துவிடுதல் போன்றதன்று. பலமாக அழுத்துவது கெடுதலே. காலுறையைக் கடையில் கண்டபடி வாங்கக் கூடாது. காலுக்கு இரத்தம் போகும் குழாய் சுருங்கியவர்களுக்கு இறுக்கம் ஆபத்தானதால், டாக்டர் பார்த்துச் சொன்ன பின்னரே அணிய வேண்டும். காலையில் எழுந்தவுடன் வீக்கம் ஏறுவதற்கு முன் போட்டுக்கொள்வார்கள். பொதுவாக இரவில் கழற்றுவார்கள். சுமார் 6 மாதத்தில் அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையால் இந்த வீக்கம் தீராது. அடியோடு குணமாவது அரிது. ஆனால் விடாமல் பேணினால் அடங்கியிருக்கும். தொழுகையைப் போல இதற்கும் தினசரி ஒழுங்கு வேண்டும்.

இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா நாயகம் ஸல் அவர்கள் செய்துகொண்டதுதான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வீங்கிய காலில் கீறுவது விஷக் கிருமிக்கு வாசல் திறப்பதாகும். அந்தக் காலில் அதைச் செய்யலாகாது. கால் திடீரெனச் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்காலில் புதிதாக வலி கண்டாலும், மூச்சுத் திணறினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடை அடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று நாயகம் அவர்கள் போதித்திருக்க, மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு விரோதமாகாது.

வணக்கத்தைப் பற்றி நம் மக்களுக்கு அதிகக் கவலை. மூல நோயால் துன்பப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நாயகம் அவர்கள் கற்பித்தார்கள். எனவே நாற்காலியில் தொழுகிற நோயாளியைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. நோயுற்ற உம்மு ஸலமா ரலியல்லாஹு அன்ஹா அவர்களை வாகனத்தில் அமர்ந்து தவாபு செய்யச் சொன்னார்கள். இன்று உம்ராவில் சக்கர நாற்காலியில் அமர்வோர் வெட்கப்பட வேண்டாம்.

ஒளுவில் கால் விரல்களைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. இந்த நோயாளிக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். கழுவிய பின் ஈரம் தங்காமல் மெல்லத் துடைத்து, தோல் வறளாமல் களிம்பு தடவ வேண்டும். ஒளுச் செய்யும் இடத்துக்கு வெறுங்காலோடு போய்க் காலைக் கிழித்துக்கொள்ளக் கூடாது.

கட்டுப் போட்ட காலுக்கும் இறுக்கக் காலுறைக்கும் மஸ்ஹு செய்வது எப்படி என்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டே நடக்க வேண்டும். தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் கூடாது என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனார். நாயகம் அவர்கள் மிகவும் வருந்தி, அறியாதபோது ஏன் கேட்கவில்லை என்று கடிந்துகொண்டார்கள். ஆகவே, நாமாகத் தீர்ப்புச் சொல்லி ஒரு நோயாளியை ஆபத்தில் தள்ளிவிடக் கூடாது.

எம் லாத்தாவுக்கு இப்போது தினமும் இரவில் மச்சான்தான் கால் கட்டைச் சுற்றிவிடுகிறார்கள். பெண்டாட்டியின் காலைத் தொடுவதா என்று பரிகசித்தவரும் உண்டு. நாயகம் ஸல் அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலையில் கூடமாட இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்திருக்க, இதில் என்ன கௌரவக் குறைவு? அந்தக் கட்டைச் சுற்றும் கைக்கு நன்மை எழுதப்படும் என்றே நாம் நம்புகிறோம்.

வியாபாரிகளே! நம் கடைகளில் வேலை செய்கிறவர்கள் ஜவுளிக்கடையானாலும் நாசி கண்டார் கடையானாலும் நெடுநேரம் நிற்கிறார்கள். அவர்களில் இந்த நோயுள்ளவருக்கு ஒரு முக்காலி கொடுங்கள். காலை உயர்த்தி வைக்க இன்னொன்று கொடுங்கள். மணிக்கொருமுறை ஐந்து நிமிஷம் நடந்துவர விடுங்கள். வியாபாரத்தில் இதனால் நஷ்டம் வந்துவிடாது. காலுறை ஒரு ஜோடி போதாது. ஒன்றைத் துவைத்தால் மாற்றிப் போட இன்னொன்று வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய பாரம். ஏழைகளும் மிஸ்கீன்களும் ஜகாத்துக்கு உரியவர்கள். ரமலானில் கணக்குப் பார்க்கும்போது அத்தகையவரை மறவாதீர்கள். ஜும்ஆவில் பலநாள் காணாதவர் இருந்தால் வீடு தேடிப் போய் ஸலாம் சொல்லுங்கள். கால் வீக்கத்தை மறைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறாரோ என்று விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண சுகத்தையும், ஐயூப் நபி அவர்களுக்கு நீ அளித்த ஸப்ரில் ஒரு பங்கையும் தந்தருள்வாயாக. அவர்களைச் சுமக்கும் குடும்பத்தாருக்குப் பலத்தையும், எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், அந்தப் பரக்கத்தில் பிறருக்குப் பங்கு கொடுக்கும் மனத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.