தகுதி முன்னோ, தஞ்சம் முன்னோ?

மதுவுக்கும் இலாகிரி வஸ்துக்களுக்கும் அடிமைப்பட்ட ஸ்திரீக்கு, அவள் திருந்திய பின்னரே உதவல் தகும் என்பாருளர். மீண்டவள் திரும்பிச் செல்வது பழைய கூட்டத்தாரிடமேயாயின், திருந்துதல் எங்ஙனங் கூடும்? ஐக்கிய அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே, கிறிஸ்து சமயக் குருத்துவப் பட்டம் பெற்ற பெக்கா ஸ்டீவன்ஸ் அம்மையார் இவ்வினாவை வேறு வழியாற் றீர்த்தார். 1997 இல், சிறையினின்றுந் தெருவினின்றும் வந்த ஐந்து பெண்களுக்கு ஒரு வீடு திறந்தார். ஈராண்டு வாசம், வாடகையில்லை. நாம் வகுப்பிலே நூறுமுறை கூறும் மதுவிலக்கு நல்லுரையினும் அவ்வீராண்டுச் சோறு வலிதென்பேன். ஊதியமின்றி விரதம் நில்லாதன்றோ? 2001 இல், மெழுகுவர்த்தியும் தைலமுஞ் செய்யுந் தொழிலொன்று அவர்கள் பொருட்டே தொடங்கப்பட்டது. வழியோரத்து முட்பூண்டொன்றின் பெயரையே அதற்கிட்டனர். வேலை கேட்டுச் செல்வோரை எசமானர் வினவும் முதல் வினா, "முன்னர் எங்கே வேலை செய்தாய்?" என்பது. இப்பெண்களிடம் அதற்கு விடையுண்டு.