சுடாதவர்கள்

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழகத்திலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையடுத்து மூண்ட கலவரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். சிறப்புப் படை வந்து சேரும்வரை அங்கே நின்ற சில காவலர்களைப் பற்றித்தான் போதுமான அளவு பேசவில்லை.

பேருந்துக்கு அடியில் சிக்கிய உடலை மீட்க வேண்டும். ஓட்டுநரையும் நேரக் காப்பாளரான பெண்ணையும் கூட்டத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். செத்தவனை விட்டுவிட்டு ஓட்டுநரைக் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் தவறாக நினைத்ததும் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று பின்னர் விசாரணைக் குழு சொன்னது. கல்லும் பாட்டிலும் பறந்தன. அவசரகால வாகனங்களில் 5 எரிந்தன. இடுப்பில் துப்பாக்கி இருந்தும் ஒருவரும் சுடவில்லை.

ஆனால் ஊர் பார்த்தது, ஆம்புலன்சிலிருந்து இறங்கி ஓடும் சீருடைகளைக் காட்டிய காணொளியை. கோழைகள் என்றார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழு, காவல்துறை முன்னேறாமல் நின்றது கலவரக்காரர்களுக்குத் துணிச்சல் தந்தது என்று 2014 ஜூனில் குறை சொன்னது. அதில் நியாயம் இருக்கலாம். எனக்கோ அன்று தோட்டா எதுவும் பாயாததே பெரிதாகப் படுகிறது. பாய்ந்திருந்தால் புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ இன்னொரு வீட்டிலும் இழவு விழுந்திருக்கும்.

என் அக்கா மகன் காவல்துறையில் இருக்கிறான். அன்று அவன் அங்கே இல்லை. "கல்லடியைத் தாங்கிக்கலாம் மாமா. மறுநாள் அம்மா போனை நீட்டி, 'இதுல ஓடுறது நீயாடா?'ன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றான்.

கலவரத்துக்குப் பின், 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியாவில் வார இறுதிகளில் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. வாரம் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு, புல்தரையில் பீர் டின்னோடு உட்காரும் ஒருவரிடம் போய் அதை இவன் சொல்ல வேண்டும். அப்பா வயது ஆள், அதே மொழி. "தம்பி, நீயும் தமிழ்தானே?" என்பார் அவர். உடன் வரும் சீன, மலாய்க் காவலர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவன் டின்னைக் காலி செய்யச் சொல்கிறான். அந்த முகம் வீடுவரை கூடவே வருகிறது.

வீட்டிலும் ஓய்வில்லை. கல்யாணப் பந்தியில் சித்தப்பா மெல்ல அருகில் வந்து, கார் சம்மனை ஏதாவது செய்ய முடியுமா என்கிறார். முடியாது என்றால், சீருடை போட்டதும் சொந்தம் மறந்துவிட்டது என்ற பேச்சு. வெளியில் இனத்தைக் காட்டிக் கேட்பதும் பந்தியில் உறவைக் காட்டிக் கேட்பதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. அவனைச் சட்டத்திலிருந்து கொஞ்சம் விலகச் சொல்கிறார்கள். அவன் விலகினால் முதலில் குற்றம் சொல்லப்போவதும் நாம்தான்.

போன தீபாவளிக்குச் சித்தப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: அவனிடம் இனி சம்மனைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்குக் கோபம், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.