தொடாமல் அறிய முடியுமா?

ரத்த வங்கியில் பிளேட்லெட் பிரிப்பது என் வேலை. 1967-இல் பீட்டர் வுல்ஃப் 'பிளேட்லெட் தூசி' என்று எழுதியதைத்தான் இன்று புறச்செல் நுண்பைகள் என்கிறோம். பிளேட்லெட் தூண்டப்பட்டால் இவற்றை உதிர்க்கும். சிக்கல் அங்கேதான். ஊசி குத்துவது, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவது, அடியில் இறுகிய படிவைக் கலைப்பது எல்லாமே தூண்டல்தான். நல்ல பிளேட்லெட் பையை வெளிச்சத்தில் ஆட்டினால் உள்ளே ஒரு மினுமினுப்பு சுழலும். தூண்டலால் பிளேட்லெட்டுகள் வடிவம் மாறிவிட்டால் அது மங்கிவிடும். தூண்டலை அடக்க ப்ராஸ்டாகிளாண்டின் சேர்க்கலாம். அதுவும் குறுக்கீடுதான்.

அப்படியானால் நான் எண்ணும் நுண்பைகளில் உடலுக்குள் இருந்தவை எவை, என் கை உண்டாக்கியவை எவை?

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் அளவையை, அதாவது அறியும் வழியை, விரிவாகப் பேசுகிறார். ஐயத்தையும் திரிபையும் காட்சியின் குற்றங்களாக்குகிறார். என் நிலை அதனினும் கடினம். கயிற்றைப் பாம்பென்று பார்ப்பவன் கயிற்றை மாற்றுவதில்லை, நான் மாற்றிவிடுகிறேன்.

அதற்காக உண்மையே எட்டாது என்று கைவிரிக்க மாட்டேன். ஒரே ரத்தத்தை இரு முறைகளில் பிரித்து ஒப்பிட்டால் முறையின் பங்கு தெரியவரும். ஆய்வு எழுதுவோரே, எண்ணிக்கையை மட்டும் தராதீர்கள். சுழற்சி வேகம், வெப்பநிலை, உறைவுத் தடுப்பான், காத்திருந்த நேரம் அனைத்தையும் எழுதுங்கள்.