இன்னும் பிறக்காத கேள்விக்காக

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், புரோட்டான் கற்றைகள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன. அப்போது நிகழும் மோதல்கள் அத்தனையையும் பதிந்து வைக்க எந்தச் சேமிப்பகமும் போதாது. எதை வைப்பது, எதை விடுவது என்று முதல் வடிகட்டி சில மைக்ரோ நொடிகளில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அடுத்ததும் சலித்தபின், அட்லஸ், சிஎம்எஸ் கருவிகளில் தங்குவது நொடிக்குச் சில ஆயிரம் நிகழ்வுகளே. மற்றவை போனவைதான். எதை விடுவதென்று முன்பே ஆழ்ந்து யோசித்தவர்களால்தான் அந்த நொடியில் தயங்காமல் விட முடிகிறது. இதைத் துறவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தங்கியவற்றுக்கான வட்டுகளின் கொள்ளளவு மட்டும் 2023இல் 10 லட்சம் டெராபைட்டைத் தொட்டது. நெடுங்காலக் காப்புக்கு இன்றும் காந்த நாடாதான். இயந்திரக் கை வந்து அடுக்கிலிருந்து எடுத்துச் செருகும்வரை அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். ஆனால் வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. நாடா மூப்படையும், அதற்கு முன்பே அதைப் படிக்கும் கருவி வழக்கொழிந்து போகும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாக்களுக்கு மாற்றி எழுதுகிறார்கள், சரிபார்க்கிறார்கள். முடிவில் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. இருந்தது இருக்கும், அவ்வளவே. இந்த உழைப்பு எனக்கு வழிபாடாகவே படுகிறது.

ஹாம்பர்க்கின் டெய்சி ஆய்வகத்தில் 1979 முதல் 1986 வரை ஜேட் என்றொரு சோதனை நடந்தது. முடிந்ததும் குழு கலைந்தது, கணினிகள் மாறின. 1990களின் பிற்பகுதியில் இயற்பியலாளர் சீக்ஃப்ரீட் பெத்கேயும் உடனிருந்தோரும் அந்தத் தரவுகளைத் தேடியெடுத்து உயிர்ப்பித்தார்கள். கோப்பாகக் கிடைக்காத ஒரு பகுதி, அச்சிட்ட தாளில் இருந்தது. அதை மறுபடி தட்டச்சு செய்து ஏற்றினார்கள். குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை, ஆற்றல் கூடக்கூடத் தளர்கிறது என்பதை நுட்பமாகச் சோதிக்க அந்தத் தரவு வேண்டியிருந்தது. பின்னால் வந்த முடுக்கிகள் மேலும் உயர்ந்த ஆற்றலுக்குப் போய்விட்டிருந்தன. இப்படி நுட்பமாகச் சோதிப்பதற்கான கணக்குமுறைகளோ, ஜேட் இயங்கிய நாளில் முதிர்ந்திருக்கவில்லை.

அந்தத் தாளை எறியாமல் வைத்தவர் இதையெல்லாம் எண்ணியிருக்க வழியில்லை. வைக்க வேண்டியது என்று பட்டிருக்கிறது, வைத்திருக்கிறார். கேட்டதற்கு இன்றே பதில் வேண்டும் என்று அடம்பிடிக்கும் என் மனத்துக்கு அந்தக் குணம் வாய்க்க வேண்டுமென்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.